எறும்பு வராத இடம்

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்திருந்த காலத்தில் காஜா பேராங் தெருவில் மரவள்ளிக்கிழங்கு வாங்க வரிசையில் நின்றவன் நான். பிற்பாடு அதே தெருவில் சொந்தமாக மூன்று கடை போட்டேன். பள்ளிக்கூடம் என்னை அதிகம் பார்த்ததில்லை. ஆனால் காதில் விழுந்ததை மறக்கமாட்டேன். ஒருநாள் அந்த வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"அக்கா, என் வீட்டுக்காரரு ஒண்ணுக்குப் போன எடத்துல இன்னிக்கு ஒரு எறும்புகூட இல்ல!"

"அட சாமி! இனிப்புநீர் வியாதி எறங்கிருச்சா?"

"ஆமாக்கா. அள்ளி அள்ளி முழுங்குற மனுசன். ஒவ்வொரு வாயையும் முப்பது தடவ மெல்லணும்னு ஆஸ்பத்திரில மருந்து கட்டுற டிரெஸர் சொல்லிட்டாரு. மெதுவா மென்னு தின்னா சக்கர ஒரேடியா ஏறாதாம்."

"வாய் நெறையக் கெழங்கோட எப்படி எண்ணுவாரு?"

"நான்தான் எண்ணுறேன். ஜப்பான்காரன் ரோட்டு வேலையில எண்ணிப் பழகுன வாயி, இச்சி, நி, சான்னுதான் வருது. பக்கத்து வீட்டுக்காரி ஜப்பான்காரன் வந்துட்டான்னு கதவச் சாத்திக்கிட்டா!"

வரிசையே சிரித்தது.

"அரிசியும் சீனியும் கண்ணுல பட்டு எத்தன நாளாச்சு? எறும்பு எதுக்குடி வரும்?"

"எதுனாலயோ போகட்டும்க்கா. புண்ணு ஆறாம வெட்டணும்னு ஆஸ்பத்திரில சொன்ன காலு. புண்ணு காஞ்சு, நேத்து தெங்கேரா வரைக்கும் நடந்துட்டு வந்தாரு."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. மூத்தவள் அவள் முதுகில் தட்டினாள்.

"நடந்துட்டாருல்ல? அப்ப நாளைக்கு இந்த வரிசையில அவர நிக்க வையி. நீ வீட்டுல உக்காந்து நிம்மதியா மெல்லு."