பன்னிரண்டு விடைகளும் பதினொரு பிள்ளைகளும்

இருபத்தேழு ஆண்டுகள் எம் ஆலயத்தின் இளம் உள்ளங்களை, சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தலுக்கு ஆயத்தம் செய்து, இன்று ஓய்வு பெறும் அருமை அக்கா அவர்களே! அன்பில் அன்னையே! அதட்டலில் ஆசானே! வணக்கம்.

ஆலயத்தின் பக்க அறையில், கால் ஆடும் பெஞ்சும் கடகடக்கும் மின்விசிறியும் சாட்சியாக, எத்தனை பிள்ளைகளுக்கு ஞானோபதேசக் கேள்வி பதில்களைக் கற்பித்தீர்கள்! மனப்பாடத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பவரை, "ரயிலைப் பிடிக்கவா ஓடுறே? நின்னு, நெனச்சுச் சொல்லு" என்று நிறுத்துவீர்கள். பொறுமையின் பெட்டகம் என்று உங்களைப் புகழ எண்ணினோம். சாக்பீஸ் பறந்த நாட்கள் நினைவுக்கு வந்ததால் அந்த வரியை அடித்துவிட்டோம்.

புகழுரை போதும். உங்கள் நற்பெயருக்கு எங்களால் விழுந்த கறையை இன்று சபையார் முன் துடைத்தாக வேண்டும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், திடப்படுத்தலுக்கு முந்தின நாள், சபை முன்னிலையில் பிள்ளைகளைப் போதகர் சோதித்த நாள் அது. பிள்ளைகள் பளிச்சென்று பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசையில், போதகர் உட்கார்ந்த வரிசைப்படியே கேள்விகளைக் கேட்பார் என்று நம்பி, உதவி ஆசிரியர்களாகிய நாங்கள் மூவரும் உங்களுக்குத் தெரியாமல் பன்னிரண்டு பேரையும் வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு விடையை மட்டும் உருப்போட வைத்தோம். மூன்றாவதாக உட்கார வேண்டிய பெண்ணுக்கு அன்று காலையில் காய்ச்சல்! வரிசை ஓர் இடம் நகர்ந்தது. பத்துக் கற்பனைகளைக் கேட்டால் விசுவாசப்பிரமாணம் வந்தது. ஞானஸ்நானத்தைக் கேட்டால் திருவிருந்து வந்தது. கடைசிக் கேள்விக்கு ஆளே இல்லை.

சபை சிரித்தது. "இந்த வருஷம் இவங்களைத் திடப்படுத்த வேண்டாம்" என்றார் சபை மூப்பர். புது உடை தைத்து வைத்திருந்த பிள்ளைகள் அழுதார்கள். நாங்கள் தரையைப் பார்த்தோம். நீங்கள்தான் எழுந்தீர்கள். "தப்பு பிள்ளைங்க மேல இல்லைங்க, சொல்லிக் கொடுத்தவ மேல. ஒரு மணி நேரம் கொடுங்க."

ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளைகள் வரிசையின்றி வந்து அமர்ந்தார்கள். திக்கித் திணறினாலும் சொந்த வார்த்தையில் சொன்னார்கள். "பாடம் பண்ணினது மறந்துபோச்சு ஐயா. ஆனா ஞானஸ்நானம்னா, நான் கேக்கறதுக்கு முன்னாடியே கடவுள் என்னைத் தன் பிள்ளையா எடுத்துக்கிட்டாரு" என்றாள் ஒருத்தி. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் பதினொருவரும், காய்ச்சல் தணிந்தபின் அந்தப் பெண்ணும் திடப்படுத்தப்பட்டார்கள்.

ஆனாலும், "அந்த வருஷம் அக்கா கோட்டை விட்டுட்டாங்க" என்ற பேச்சு மட்டும் இன்றுவரை ஓயவில்லை. நாங்கள் வாய் திறக்கவில்லை. அன்று மாலையே ஒரு பிள்ளையின் பாட்டுப் புத்தகத்தில் எங்கள் கையெழுத்தில் இருந்த வரிசைப் பட்டியலை நீங்கள் கண்டெடுத்தீர்கள். மடித்து எங்கள் கையிலேயே கொடுத்தீர்கள். அடுத்த வாரமும் வகுப்பை எங்களை நம்பி ஒப்படைத்தீர்கள். அந்த நம்பிக்கைதான் எங்களை அதிகம் சுட்டது. அக்கா, தவறு எங்களுடையது. எங்களை மன்னியுங்கள்.

நோயின்றி, நல்ல உறக்கத்தோடும் நிறைந்த நண்பர்களோடும் நெடுங்காலம் வாழ்க! ஒரே ஒரு வேண்டுகோள். கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடலை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். பக்க அறைச் சுவரில் மாட்டிக்கொள்கிறோம். இனி எங்களிடம் படிக்க வரும் பிள்ளைகள் முதல் நாளே வாசிக்கட்டும்.

இங்ஙனம்,
அன்று தரையைப் பார்த்த மூவர்:
தையல்காரர், மருந்துக்கடைக்காரர், தபால்நிலைய எழுத்தர்