வேறு குறிப்புகள்

நான் தேநீரில் சீனி சேர்ப்பதில்லை. இங்கே எனக்குத் தந்த கோப்பையில் தாராளமாகவே இருக்கிறது. பரவாயில்லை, விசாரணைக் குழுக்களின் உபசாரம் எங்கும் அப்படித்தான். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

நான் கதிரியல் மருத்துவன். எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதித் தருவது என் தொழில். தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்த என்னை மருத்துவக் கல்லூரி வரை கொண்டுபோனவை என் வாக்கியங்களே என்பது என் நம்பிக்கை. மலக்குடல் புற்றுநோய் அறிக்கைகளில் எனக்குத் தனி ஈடுபாடு. கவிஞர்கள் எட்டிப்பாராத உறுப்பு அது. அந்தக் குறையை நான் ஓரளவு தீர்த்துவைத்தேன். எழுதியது ஆங்கிலத்தில்தான் என்றாலும் அதன் மூச்சு தமிழுடையது.

ஆஸிக் என்ற இளம் அறுவைச் சிகிச்சை நிபுணர் எங்கள் மருத்துவமனைக்கு மாற்றலாகி வரும்வரை என் அறிக்கைகளை எவரும் குறை சொன்னதில்லை. எவரும் படித்ததில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் படித்தார். வாராந்தக் கூட்டத்தில், தாதிமார் உட்பட எல்லோர் முன்னிலையிலும், உரக்கப் படித்தார்: ‘அடைமழைக்குப் பின் சரிவில் இறங்கும் சேற்றைப் போல, புற்று ஒருவிதத் தயக்கத்துடன் தன் எல்லையை நாடுகிறது.’ பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“சேர், அந்தச் சேறு வேலிக்கு எத்தன மில்லிமீற்றர் இந்தப் பக்கம் நிக்குது? வெட்டப்போறவன் நான். அத மட்டும் சொன்னீங்கன்னா போதும்.”

சிரித்தார்கள். தாதி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சிறிது நேரம் சிரித்தேன்.

கேள்வி நியாயமானதே. மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு இருக்கிறது. அந்தக் கொழுப்பைச் சுற்றி மெல்லிய உறையொன்று. கத்தி அந்த உறையை ஒட்டியே செல்லும். புற்று உறையைத் தொடாமல் நின்றால் நேரே வெட்டலாம். தொட்டிருந்தால், முதலில் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துச் சுருக்கிய பின்னரே வெட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் புற்றில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும்.

அடுத்த மாதம் ஆஸிக் படிவத்தைக் கொண்டுவந்தார். ஒரே பக்கம், பெட்டி பெட்டியாக. கட்டி எவ்வளவு ஆழம் பரவியிருக்கிறது. ஆசனவாயிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. கட்டிக்கும் உறைக்கும் இடையில் எத்தனை மில்லிமீற்றர். சந்தேகத்துக்குரிய நிணநீர்க் கணுக்கள் எத்தனை. இலக்கத்தை இடு, கையொப்பம் வை, போ. எல்லா நோயாளிக்கும் ஒரே கேள்விகள், ஒரே ஒழுங்கு. நான் எதிர்க்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து படிவம் கேட்டதை மட்டுமே சொன்னேன். கேட்காததைச் சொல்வது அவர்கள் கணக்கில் இலக்கியம்.

இப்படியிருக்கும்போதுதான் தேவதாசன் வந்தார். எங்கள் தோட்டத்து லொறிச் சாரதி. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் றப்பர் பால் பீப்பாய்களுக்கு நடுவே என்னையும் ஏற்றி, பெரிய ரோட்டில் இறக்கிவிட்டவர். இயந்திரத்தின் மேசையில் படுக்கும்போதும் அவர் வாய் ஓயவில்லை.

“நம்ம தோட்டத்து ரோட்டுல இவ்வளவு காலம் லொறி ஓட்டுனவனுக்குப் பின்பக்கம்னு ஒண்ணு மிஞ்சியிருக்கிறதே பெரிசு தம்பி. நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

நன்றாகவே பார்த்தேன். கட்டி உறையிலிருந்து தாராளமான தூரத்தில் நின்றது. அளந்து, உரிய பெட்டியில் எழுதினேன். ஆனால் கொழுப்புக்குள், கட்டியைவிட்டு விலகி, மிளகளவில் இன்னொரு புற்றுத் துணுக்கு இருந்தது. அது உறையின்மேல் சாய்ந்திருந்தது. படிவம் கேட்டது கட்டிக்கும் உறைக்குமான தூரத்தை. துணுக்கைப் பற்றி அது கேட்கவில்லை. அது நிணநீர்க் கணுவும் அல்ல. ஆகவே கணுக்களின் எண்ணிக்கையில் சேர்த்தால் பொய்யாகும். நான் பொய் எழுதுபவனல்லன். அந்த அறிக்கையின் ஒவ்வோர் இலக்கமும் உண்மை. சரிபார்த்துக்கொள்ளலாம்.

வெளியே அவர் மனைவி லூர்தம்மா காத்திருந்தார்.

“பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லையே தம்பி?”

“எல்லாம் எழுதியிருக்கேன் அக்கா. டாக்டர் பாத்துக்குவாரு.”

“நம்ம புள்ள எழுதுனா சரியாத்தான் இருக்கும்” என்று பக்கத்தில் இருந்த அந்நியரிடம் சிங்களத்திலும் ஒருமுறை சொல்லி வைத்தார்.

ஆஸிக் படிவத்தைப் பார்த்தார், திருப்தியடைந்தார், நேரே வெட்டினார். கத்தி துணுக்கின் நடுவே போயிற்று. வெட்டியெடுத்ததில் ஓரம் சுத்தமில்லை என்று ஆய்வுகூடம் சொன்ன பின்னர் கொடுத்த கதிர்வீச்சு பயன்படவில்லை. நோய் இடுப்பெலும்புக்குத் திரும்பி வந்தது. தேவதாசன் உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் லயத்து வாசலில் நின்றுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அடக்கத்தின்போது நாலு வார்த்தை பேசும்படி லூர்தம்மா என்னைத்தான் கேட்டார். பேசினேன். கேட்டவர்கள் நெடுநேரம் அழுதார்கள். மாதா கோயில் சுவாமியாரும் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்.

ஏன் என்று கேட்கிறீர்கள். தேவதாசன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. படிவத்தின் குறையைக் காட்ட ஒரு நோயாளி தேவைப்பட்டார், வந்தவர் அவர். கஹவத்தையிலிருந்து வேறு யாராவது வந்திருந்தால் அவராக இருந்திருக்கும்.

அடக்கம் முடிந்து சில நாளில், அதே வாராந்தக் கூட்டத்தில், பழைய படத்தைத் திரையிட்டு அந்தத் துணுக்கின்மேல் அம்புக்குறியை வைத்தேன். பெட்டிகளால் ஆன மொழி எதைத் தவறவிடும் என்று விளக்கினேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. ஆஸிக் எழுந்து திரைக்கு அருகே வந்தார்.

“சேர், இத அன்னைக்கே பாத்தீங்களா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் தவறவிட்டவன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் என் கண்ணை ஒருவர் சந்தேகிப்பதை நான் விரும்பவில்லை. பார்த்தேன் என்றேன். அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் நீட்டும் தேவதாசனின் அறிக்கை என்னுடையதே. ஆம், அடியில் இன்னொரு பெட்டி இருக்கிறது: ‘வேறு குறிப்புகள்’. எல்லாவற்றிலும் அகலமானது, ஒரு பந்தி எழுத்துத் தாராளமாக அடங்கும். படிவத்தைத் தந்த அன்று ஆஸிக் அதை விரலால் தொட்டுக் காட்டி, “இது உங்களுக்குன்னே வச்சது சேர்” என்றார். கேலி என்று எடுத்துக்கொண்டேன். அதை வெறுமையாக விட்டேன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இல்லை, எழுதியிருக்கிறேன், கையெழுத்து என்னுடையதுதான்.

‘குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை.’

நல்ல வாக்கியம். ஒரு சொல்கூட அதிகமில்லை.