ஜோதிலட்சுமி டீச்சர் போட்ட மதிப்பெண்

இந்த இரங்கல் கூட்டத்தின் மேடையில் அமர்ந்திருக்கும் தாளாளர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, டீச்சரின் மகள் சத்யப்ரியாவே, தாம்பரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து திரண்டு வந்திருக்கும் அவருடைய மாணவர்களே! வணக்கம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இருபத்தாறு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவர் ஜோதிலட்சுமி டீச்சர். வண்டலூரிலிருந்து ரயிலில் வந்து முதல் மணிக்கு முன்பே ஆய்வகத்தைத் திறந்தவர். காய்ச்சல் என்று ஒரு செய்முறை வகுப்பையாவது விட்டாரா? இல்லை! இதையெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்லாததை, துறைத் தலைவனான இந்தச் சம்பந்தம்தான் சொல்ல வேண்டும்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரையாண்டுத் தேர்வு. குறுக்கலை கடக்கும்போது ஊடகத்தின் துகள்கள் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி. விடைக்குறிப்பு எழுதியவன் நான். 'அலையோடு சேர்ந்து முன்னேறும்' என்று அவசரத்தில் எழுதிவிட்டேன். டீச்சர் அதை ஏற்கவில்லை. துகள்கள் தங்கள் இடத்திலேயே மேலும் கீழும் அதிரும், அலை மட்டுமே நகரும் என்று எழுதிய முப்பத்திரண்டு பேருக்கும் மதிப்பெண் போட்டார். அத்தனையையும் நான் அடித்தேன்.

மறுநாள் பல்லாவரம் சந்தையில் வாங்கிய கொடிக்கயிறோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். நடுவில் ஒரு ரிப்பனை முடிந்திருந்தார். ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை என் கையில் கொடுத்தார்.

"ஒரு தடவ ஆட்டுங்க சார். ரிப்பன் எங்க போகுதுன்னு பாத்துட்டு அப்புறம் மார்க்க அடிங்க."

ஆட்டினேன். மேடு ஒன்று கயிற்றில் ஓடிச் சன்னலைத் தொட்டது. ரிப்பன் எழுந்தது, இறங்கியது, இருந்த இடத்திலேயே நின்றது. என் தவறு எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன்?

"பேப்பர் திருத்துறது கயிறு ஆட்டுற வேல இல்ல டீச்சர்" என்றேன்.

விதிமீறல் என்று குறிப்பாணையும் கொடுத்தேன். அதைக் காட்டித்தான் அவருடைய பதவி உயர்வு நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு விடைக்குறிப்பை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, வெட்கமாக இருக்கிறது!

நேற்று டீச்சர் வீட்டுக்குப் போனேன். அம்மா உங்களைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றார் சத்யப்ரியா. "சார் என்னிக்காவது கூப்பிட்டுப் பேசுவாருன்னு மட்டும் சொல்லுவாங்க அங்கிள்."

பேசவில்லையே! பத்தடி தூரத்தில் தினமும் உட்கார்ந்திருந்தும் பேசவில்லையே!

இனி ஒரு பிள்ளையின் விடையும் என் குறிப்பும் மோதினால், என் குறிப்பைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இந்தச் சபையில் அதை உறுதியாகச் சொல்கிறேன். தாளாளர் அவர்களே, அந்தக் குறிப்பாணையை நீக்கக் கோரும் கடிதம் இது. இரண்டே வரிதான், படிக்கிறேன்:

"ஜோதிலட்சுமி போட்ட மதிப்பெண் சரி. குறிப்பாணையில் கையெழுத்துப் போடும்போதே அது எனக்குத் தெரியும்."