முப்பத்திரண்டாவது ஓட்டுநரும் ஒத்திலியா அம்மையாரும்

மஞ்சு மூடிய மலைப்பாதையிலும் மனித மனத்தின் மறைபாதையிலும் ஒருசேர வழி தேடிய வல்லுநரே! எண்களை ஆண்டபோதும் எண்ணுக்குள் ஓர் உயிர் இருப்பதை மறவாத ஏந்தலே! மணிசாலெஸ் நகரின் ஓட்டுநர் நடத்தை ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் முனைந்து பணியாற்றி, இன்று முறைப்படி விடைபெறும் முனைவர் ஒத்திலியா புரித்திக்கா அம்மையீர்! கனத்த நெஞ்சும் கலங்கிய கண்ணுமாக இம்மடலைத் தங்கள் முன் வைக்கிறோம்.

புகழத் தொடங்கினால் "சரி சரி, போய் வேலையப் பாருங்க" என்று கையமர்த்துவது தங்கள் வழக்கம். ஆகவே சற்று நேரம் அவையை நோக்கித் திரும்பி, தங்கள் கதையை அவர்களுக்குச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். அது புகழ்மாலை மட்டும் அன்று. பதினேழு ஆண்டுகளாக நாங்கள் விழுங்கி வைத்த ஒன்றும் அதில் உண்டு.

அவையோரே! பேருந்து ஓட்டுபவர் எங்கே பார்க்கிறார், எப்போது பிரேக் மிதிக்கிறார், எந்த நேரத்தில் கண்ணசருகிறார் என்று அளந்து, அதைக் கணக்காக வடித்து, அக்கணக்கைக் கொண்டு அவருக்குத் துணைநிற்கும் கருவி செய்வதே எங்கள் கூடத்தின் தொழில். வளைவு வரும்போது பிரேக் மிதிக்க வேண்டியவர் மிதிக்கவில்லை என்றால், அவர் அயர்ந்துவிட்டார் என்று கொண்டு, வண்டியில் பொருத்திய அந்தப் பெட்டி கத்தும். எளிய கருவிதான். அதற்கு அடியிலிருந்த கணக்குதான் எளிதன்று.

அந்தக் கணக்குக்காக, பழைய பேருந்தொன்றின் முன்பாதியை வெட்டிக் கூடத்துக்குள் நிறுத்தி, எதிரே திரை கட்டி, லெத்ராஸ் கணவாயின் இறக்கத்தை அதில் ஓடவிட்டார் அம்மையார். முப்பத்திரண்டு ஓட்டுநர்கள் வந்து ஓட்டினார்கள். கடைசியாக வந்தவர் எவேலியோ கிரிசாலெஸ். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டவர், அடுத்து அந்த அரைப் பேருந்தின் சன்னலைத் திறந்தார். இளைய ஆய்வாளர் ஒருத்தி சிரித்துவிட்டாள்.

"ஐயா, அது வெறும் படம். காத்தெல்லாம் வராது."

"காத்துக்கு இல்ல தாயி. எஞ்சின் சத்தம் கேக்கணும். எனக்குப் பாதி வழி காதுலதான் இருக்கு."

முப்பத்தொரு பேர் பிரேக் மிதித்ததைக் காட்டும் வரைபடங்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்போல் இருந்தன. எவேலியோவின் படம் மட்டும் ஒட்டவில்லை. மலையுச்சியிலேயே கியரைக் குறைத்து, வண்டியின் வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும்படி விட்டுவிட்டு, பிரேக்கில் கால் படாமலே அவர் இறங்கியிருந்தார். தூங்குபவனின் காலும் அவர் காலும் கணக்குக்கு ஒன்றாகவே தெரிந்தன. இளைய ஆய்வாளர் இருவர், 'பொருந்தாத தரவு' என்று ஓர் அடிக்குறிப்பு எழுதி அவரை நீக்கினார்கள். நூற்றுப்பத்துப் பக்க அறிக்கையில் அந்த ஒற்றை வரி அம்மையாரின் கண்ணுக்குத் தப்பியது. கையெழுத்திட்டார்.

பெட்டி பேருந்துகளில் ஏறியது. இரண்டே மாதத்தில் எவேலியோ கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"டாக்டரம்மா, உங்க பெட்டி நான் தூங்குறேன்னு ஊரைக் கூட்டுது. வளைவுக்கு வளைவு கத்துது. பின்னாடி நாப்பது சனமும் ரோட்டப் பாக்காம என் மூஞ்சியப் பாக்குது. ஒரு தாத்தா ஜெபமாலையையே எடுத்துட்டாரு!"

அம்மையார் சிரித்தார். எவேலியோ சிரிக்கவில்லை.

"கம்பெனியில சொல்லிட்டாங்க. இனிமேயும் இப்படிக் கத்துனா மலை வழியிலேருந்து தூக்கிடுவாங்களாம். முப்பது வருசமா ஓட்டுற வழிம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"ஒரு மாசம் பொறுங்க ஐயா. பாத்துச் சரி பண்றேன்" என்றார் அம்மையார். மறுநாள் தலைநகர் பொகொத்தாவில் கூட்டம். புறப்படும் அவசரத்தில் எவேலியோவின் பதிவை எடுத்துப் பார்க்கும்படி அந்த இருவரிடமும் சொன்னார். "செமஸ்டர் முடியட்டும் டாக்டர்" என்றார்கள். அவரும் வற்புறுத்தவில்லை. அந்த வற்புறுத்தாமையைத்தான் அம்மையார் இன்றுவரை தம் குற்றம் என்கிறார்.

மூன்று வாரம் கழித்து, மே மாதத்து மழைநாள் ஒன்றின் பிற்பகலில், லெத்ராஸ் இறக்கத்தில் எவேலியோவின் பேருந்துக்குப் பிரேக் பிடிக்காமல் போயிற்று. ஒருபுறம் பள்ளம், மறுபுறம் பாறை. தாம் அமர்ந்திருந்த பக்கத்தையே பாறையில் கொடுத்து வண்டியை நிறுத்தினார். முப்பத்தெட்டுப் பேர் பிழைத்தார்கள். அவரும் அவருக்குப் பின்னால் இருந்த இருவரும் இறந்தார்கள். 'ஓட்டுநர் தவறு' என்று பேருந்து நிறுவனம் அன்று மாலையே சொல்லிவிட்டது.

அம்மையார் பெட்டியின் பதிவை வாங்கி வந்து நான்கு நாள் அதன்முன் அமர்ந்திருந்தார். ஐயகோ! அந்த இறக்கம் முழுவதும் பெட்டி ஒருமுறைகூடக் கத்தவில்லை. கணக்கு கேட்ட இடத்தில், கேட்ட அளவில், வளைவு தவறாமல் எவேலியோ பிரேக்கை மிதித்திருந்தார். வழியை இழக்க அஞ்சி, முப்பதாண்டுப் பழக்கத்தை விட்டுப் பெட்டிக்குப் பிடித்த ஓட்டுநராகத் தம்மை மாற்றிக்கொண்டிருந்தார். நீண்ட இறக்கத்தில் மிதித்து மிதித்தே பிரேக் கொதித்துச் செத்துப்போயிருந்தது. பாதுகாக்கச் செய்த கருவி, பாதுகாப்பாக ஓட்டத் தெரிந்த ஒருவருக்குத் தவறாக ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டது.

விசாரணைக் கூடத்தில் கூடத்தில் ஓட்டியது, கடைசி இறக்கம் என எவேலியோவின் இரு வரைபடங்களையும் அருகருகே மாட்டி, அம்மையார் இதையே சொன்னார். விசாரணை அதிகாரி கேட்டார்: "இவரோட பதிவ நீக்கினது யாரு?"

"அறிக்கையில என் கையெழுத்து இருக்கு. என்னையே கேளுங்க."

"கையெழுத்து இருக்கட்டும் டாக்டர். நீக்கினது யாருன்னு கேக்குறேன்."

"அதுக்கும் பதில் அதுதான்."

'ஓட்டுநர் தவறு' என்ற சொல் அழிந்தது. அம்மையாரின் தலைமைப் பதவியும் அதோடு போயிற்று. அப்பதவி பிறகு அவருக்குத் திரும்பவேயில்லை.

அன்று வெளிவாசலில் அந்த இருவரும் அழுதுகொண்டு நின்றார்கள். "உள்ள போய்ச் சொல்லிடுறோம் டாக்டர்" என்றார்கள். அம்மையாருக்குக் கோபம் வந்து அவர்கள் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

"வாயத் திறந்தீங்கன்னா தெரியும்! பழிய எத்தன பேரு பங்கு போட்டாலும் அது குறையாது. வேல செய்ய ஆளுதான் குறையும். கணக்கத் திருத்தணும், அதுக்கு எனக்கு நீங்க ரெண்டு பேரும் வேணும். நான் இங்க இருக்கிறவரைக்கும் பேசக் கூடாது. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

அவையோரே, அந்த இருவர் ரூபியேல் சுலுவாகா, யனெத் ஓஸ்பினா. இம்மடலை எழுதியவர்களும் உங்கள் முன் வாசிப்பவர்களும் நாங்களே. சன்னலைத் திறந்தவரைப் பார்த்துச் சிரித்ததும், 'செமஸ்டர் முடியட்டும்' என்றதும் நாங்களே. அம்மையார் இன்றோடு கூடத்தை விட்டு விடைபெறுகிறார். ஆகவே இன்று பேசுகிறோம்.

அதன்பின் அம்மையார் திரையை நம்பவில்லை. பயணச்சீட்டு வாங்கி, பேருந்தின் முன்னிருக்கையில் குறிப்பேட்டோடு அமர்ந்து, மழையிலும் மஞ்சிலும் மலையேறி இறங்கினார். "டாக்டரம்மா, என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு நேரம் பாத்ததில்ல" என்று ஓர் ஓட்டுநர் வம்புக்கு இழுத்தபோது, "மூஞ்சிய யாருய்யா பாத்தா? காலத்தான் பாக்குறேன்" என்றார். பேருந்தே சிரித்ததாம். எல்லோருக்கும் ஒரே கணக்கு என்பதை எடுத்தெறிந்து, ஒவ்வொருவரின் காலையும் கண்ணையும் முதல் மாதம் முழுவதும் பேசாமல் இருந்து கற்றுக்கொண்டு, பிறகே வாய்திறக்கும் பெட்டியை ஆறாண்டு உழைப்பில் உருவாக்கினார். ஓட்டுநர்கள் அதை 'ஊமை' என்றே செல்லமாக அழைக்கிறார்கள். ஓட்டுநர் தம் வழக்கத்தைப் பெட்டிக்காக மாற்றத் தொடங்கினால், அந்தப் பெட்டி ஓட்டுநரை எச்சரிப்பதில்லை; எங்கள் கூடத்தை எச்சரிக்கிறது. அந்தப் பயணங்களின் குளிரும் குலுங்கலும் அம்மையாரின் இரு முழங்கால்களையும் வாங்கிக்கொண்டன.

சென்ற ஞாயிறு நாங்கள் இருவரும் எவேலியோவின் துணைவியார் லூஸ் தாரி அம்மாள் வீட்டுக்குப் போனோம். ஒலிபெருக்கி வழியாக முதன்முதலில் அவர் இதைக் கேட்பது முறையன்று. நடந்ததை நடந்தபடி சொன்னோம். அடுப்பில் கருகிய அரெப்பா ரொட்டியை அவர் எடுத்துக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்:

"மாசாமாசம் அந்தம்மா இங்க வருது. வந்து அந்த நாற்காலியில உக்காரும். 'என் தப்பு'ன்னுதான் சொல்லும். ஒரு நாளும் உங்க பேரச் சொன்னதில்ல. நானும் ரெண்டு வருசம் காப்பிகூடக் குடுக்காம உக்கார வச்சிருக்கேன். தெரிஞ்சா செஞ்சேன்?"

மன்னிப்புக் கேட்டோம்.

"அத இன்னைக்கே கேக்காதீங்க. பதினேழு வருசம் எடுத்துக்கிட்டீங்கல்ல, எனக்கும் கொஞ்சம் நாள் குடுங்க. விழாவுக்கு வர்றேன். உங்களுக்காக இல்ல."

அவர் வந்திருக்கிறார். அம்மையாருக்கு அருகில் அமர்ந்திருக்கிறார்.

அம்மையீர்! மீண்டும் தங்களை நோக்கித் திரும்புகிறோம். லூஸ் தாரி அம்மாளிடம் சில நாள் முந்திக்கொண்டது தவிர, தங்கள் சொல்லை மீறவில்லை. தாங்கள் தந்த தவணை முடிந்தது. பழியைப் பங்கிட்டால் குறையாது என்றீர்கள். உண்மைதான், ஆனால் தனியே சுமந்தவரின் தோள் தேய்வதைப் பதினேழு ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்தோம். எங்கள் பட்டங்களும் பதவிகளும் தங்கள் மௌனத்தின்மேல் நிற்பவை. எவ்வளவு புகழ்ந்தாலும் அதற்கு ஈடாகாது; ஆகவே இந்த மடலோடு இன்னொன்றும் செய்தோம். பழைய அறிக்கையைத் திருத்தித் தருமாறு ஆய்வுக்கூடத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்தோம். நீக்கியவர் யார் என்ற கேள்விக்கு, இன்று காலை முதல் அதில் விடை இருக்கிறது.

தங்கள் முழங்கால் நோவு தணிக! உறக்கம் இனி உறுத்தாது வருக! முன்னிருக்கையில் அன்றி, விரும்பிய இருக்கையில் அமர்ந்து, எவர் காலையும் பாராமல், சன்னல் வழியே மலையை மட்டும் பார்த்துக்கொண்டு தாங்கள் போகும் பயணங்கள் பல்லாண்டு நீள்க!

மடல் எழுதுவோர் தம் பெயரைக் கடைசியில் இடுவது மரபு. நாங்கள் பதினேழு ஆண்டு தாமதமாக இடுகிறோம்.

ரூபியேல் சுலுவாகா
யனெத் ஓஸ்பினா
மற்றும் ஆய்வுக்கூடப் பணியாளர் அனைவரும்
மணிசாலெஸ்