மாற்றம் சாருக்கு ஒரு நற்சான்று

"ஹலோ... ஆமா, பேக்கிங் ஹால்தான். சூப்பர்வைசர் பேசறேன்... யாரைப் பத்தி?... ஓ, மாற்றம் சாரா! உங்க கம்பெனிக்கு எடுக்கப் போறீங்களா? இருங்க, இருங்க..."

அவள் காலாலேயே கண்ணாடிக் கதவைத் தள்ளிச் சாத்தினாள். வெளியே மாற்றம் சார் நின்றபடி அட்டைப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லுங்க மேடம்... ஆமா, ஆமா, மேனேஜராத்தான் வந்தாரு. எதைப் பாத்தாலும் மாற்றம் வேணும்பாரு, அதான் இங்க அந்தப் பேரு. வேலையில வேகம் கூட்டறேன்னு மொத வாரமே நாற்காலியெல்லாம் தூக்கிட்டாரு... இல்லைங்க, பதிலுக்கு ஒண்ணும் போடல. நின்னுக்கிட்டேதான். யார் மேஜை மெதுவோ, அதுக்கு மேல சிவப்பு பல்பு எரியும்... ஐடியா நல்லாருக்கா? இருக்கும், இருக்கும்! அந்தப் பல்புக்குக் கீழ நின்னது என் தங்க... ஒண்ணுமில்ல, நீங்க கேளுங்க."

ஆபரேஷன் முடிந்து வந்த தங்கை, ஹாலே வேடிக்கை பார்க்க, அழுதுகொண்டே ஒட்டினாள். பிறகு வேலையை விட்டவள்தான். இன்னும் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. அக்காவுக்கு அன்று எரிந்த வயிறு இன்றுவரை ஆறவில்லை.

"இப்ப மேனேஜர் இல்லைங்களே!... அட, உங்ககிட்ட சொல்லலையா? அதிகாரிங்க ஜாஸ்தி, நடுவுல ஒரு பதவியையே எடுத்துடலாம்னு முதலாளிக்கு அவரே திட்டம் போட்டுக் குடுத்தாரு. முதலாளி எடுத்தது அவரோட பதவியை... நிஜமாத்தாங்க! இப்ப எனக்குக் கீழ பெட்டி ஒட்டறாரு. வேற வேலை கிடைக்கிற வரைக்கும்னு பல்லைக் கடிச்சுட்டு நிக்கிறாரு... விசாரிக்க என் நம்பரையா குடுத்தாரு? பாவம், வேற யாரைக் குடுப்பாரு!"

"வேலை எப்படியா?... மனசு விட்டுச் சொல்லட்டுமா? சரிப்படாது மேடம். நேரத்துக்கு வர மாட்டாரு. சொன்னா கேக்க மாட்டாரு... திரும்பவும் மேனேஜரா? ஐயையோ!"

பச்சைப் பொய். தினமும் முதலில் வருகிறவர் அவர்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. நல்ல ஆள் என்று சொன்னால் நாளைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் அவள் யாரை நிற்கவைத்துப் பார்ப்பது?

"ஆமா, ஆமா... வேற ஆளைப் பாத்துக்குங்க... அவருக்கு நீங்களே சொல்லிடறீங்களா? வேண்டாங்க, மனசு உடைஞ்சுடுவாரு. நானே பக்குவமா சொல்லிக்கறேன்... சரிங்க, வச்சிடறேன்."

கதவு லேசாகத் திறந்தது. மாற்றம் சார், விரலெல்லாம் பசையோடு, ஃபோனையே ஆசையாகப் பார்த்தார்.

"ராங் நம்பர் சார்," என்றாள் அவள். "போங்க, போய் ஒட்டுங்க."