முண்டு உடுத்தாத அம்மை

பனச்சமூட்டில் பஸ் ஏறிய இரண்டு கல்லூரிப் பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“எட்டி, எங்க அம்மைக்கு நாட்டுப்புறக் களை போதாதாம்!”

“யாரு சொன்னது?”

“டூரிசம் பாடம் எடுக்கிய சாராக்கும். கிராமத்து வாழ்க்கையைப் பாக்கணும்னு கிளாஸ் முழுசையும் வேன்ல எங்க வீட்டுக்குக் கொண்டு வந்தாரு. அம்மை நைட்டி போட்டு மிக்சியில தேங்கா அரைச்சிட்டு நிக்கியா. ‘முண்டு உடுத்து அம்மியில அரைங்க, போட்டோ எடுக்கணும்’னு சொல்லியாரு. எனக்கு வந்த கோவத்துலயும் தேச்சியத்துலயும் நாக்கே எழும்பல்ல.”

“அம்மை?”

“அம்மைக்கு எழும்பிச்சு. ‘ஞாயிற்றுக்கிழமை நாங்க வேன் பிடிச்சு உங்க வீட்டுக்கு வாறோம் சாரே. உங்க பெண்டாட்டி முண்டு உடுத்து அரைச்சுக் காட்டட்டும். போட்டோ எடுக்க எங்க கையிலயும் போன் உண்டு’ன்னா.”