தூக்கிப் பிடித்த போத்தல்

"ஷெல் வருது! படுங்க!"

கத்துவது நான்தான். சேலைன் போத்தலைக் கம்பியிலிருந்து கழற்றிவிட்டேன். கட்டிலோரம் குந்தியிருக்கிறேன். வலது கை மட்டும் தலைக்கு மேலே, போத்தலுடன்.

இது மலையகத்து எல்கடுவ. தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரி. நான் இங்கே தாதி. நண்பகல். மேலே கல் உடைக்கும் இடத்தில் வெடி வைத்திருக்கிறார்கள். ஓர் அதிர்வு. கற்கள் சரியும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

கட்டிலில் லெட்சுமி அக்கா. கொழுந்து பறிப்பவர். வயிற்றோட்டத்தில் துவண்டு வந்தவர்.

"ஏன் மிஸ்ஸி, கம்பி என்னாத்துக்கு இருக்கு? நீங்களே கம்பியா நிக்கப் போறீங்களா?"

வார்டு சிரிக்கிறது. என் கை இறங்கவில்லை.

வன்னி. போரின் கடைசி மாதங்கள். பள்ளிக்கூடம் ஒன்றுதான் மருத்துவமனை. நானும் புஷ்பமும் அங்கே தாதியர். இருவர் குடும்பமும் கலவரத்துக்குப் பயந்து இந்த மலையை விட்டு வடக்கே போனவை.

செல்வி என்றொருத்தி பிள்ளை பெற்றிருந்தாள். இரத்தம் நிறையப் போய்விட்டது. பதுங்குகுழிக்குள் பலகை போட்டுக் கிடத்தினோம். குழந்தை அவள் பக்கத்தில். கடலோர மணல். இடுப்பளவு தோண்டினாலே தண்ணீர் ஊறும்; குழி ஆழமில்லை. கம்பு நட்டால் அதிர்வில் சாயும். போத்தல் தாழ்ந்தால் சேலைன் ஓடாது. இரத்தம் குழாயில் திரும்பி ஏறும். ஆகவே ஒருத்தியின் கை எப்போதும் குழிக்கு வெளியே. முறை மாற்றிப் பிடித்தோம்.

"கைய எறக்குங்க அக்கா. கொழுந்துக் கூடையா தூக்குறீங்க, இப்பிடி நடுங்குது? இப்ப என் முறை."

புஷ்பம் எழுந்து போத்தலை வாங்கினாள்.

தூரத்தில் ஒரு டும். அடுத்து சீழ்க்கை. "படு!" என்று யாரோ கத்தினார்கள். புஷ்பம் படுக்கவில்லை. படுத்தால் போத்தல் தாழும்.

மணல் கொட்டியது. போத்தல் செல்வியின் மார்பில் கிடந்தது. உடையவில்லை. குழாயை அடைத்தேன். மணலைத் துடைத்தேன். காற்று ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். திறந்தேன். தூக்கிப் பிடித்தேன். முதலில் நோயாளி. அப்படித்தான் பழகியிருந்தோம். போத்தல் முடியும்வரை புஷ்பத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது வார்டில் சிரிப்பு நின்றுவிட்டது. லெட்சுமி அக்கா எழுந்து உட்கார்ந்து கையை நீட்டுகிறார்.

"குடுங்க மிஸ்ஸி. கொஞ்ச நேரம் நான் புடிக்கிறேன்."

கொடுக்க முடியவில்லை.

அந்தக் குழியில் குழந்தையோடு நால்வர் இருந்தோம். செல்வி பிழைத்தாள். குழந்தை பிழைத்தது. நான் இருக்கிறேன். சேலைன் சிந்தவில்லை. இழந்தது ஒருத்தியை.